மூன்று திசை ஆண்டெனா: ஆலங்குடிப் பக்கத்தில் தொலைக்காட்சி வாரம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தில்லியில் 1959 செப்டம்பர் 15இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1965 முதல் நாள்தோறும் நடந்துவந்த ஒளிபரப்பு, 1972 அக்டோபரில் பம்பாய்க்கு வந்தது. அடுத்து ஸ்ரீநகரும் அமிர்தசரஸும் நிலையம் பெற்றன. 1975 ஆகஸ்ட் 9இல் கல்கத்தா, ஆறு நாள் கழித்துச் சென்னை. அப்போது தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1976 ஏப்ரல் 1இல்தான் தனியாகப் பிரிந்து தூர்தர்ஷன் ஆனது.

சென்னை நிலையத்தின் ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரமே. அந்த நேரத்தை வாரத்தின் ஏழு நாளுக்கும் பங்கு பிரித்து, செவ்வாய்க்கு நாடகம், வெள்ளிக்குத் திரைப்பாடல், ஞாயிறுக்குப் படம் என்று நிலையம் வகுத்த ஒழுங்கு, பின்னர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டு வீடுகளின் மாலைப் பொழுதை ஆண்டது. ஆனால் எல்லா ஊருக்கும் அது ஒரே காலத்தில் போய்ச் சேரவில்லை. சென்னைவாசி 1970களில் பார்த்த வாரத்தை, தென் மாவட்டத்துக்காரர் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தே பார்த்தார். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி வட்டாரம் இதற்கு நல்ல சான்று.

ஆலங்குடி, புதுக்கோட்டை நகரிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பேரூராட்சி, வட்டத் தலைநகரம். 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அதன் வட்டங்களில் ஒன்றாயிற்று. கடலை, பலா, தென்னை, பூ விளையும் பூமி. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய ஊர்கள் சுற்றிலும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் இப்பகுதியில் ஏராளம். தொலைக்காட்சி இங்கே வந்த கதையில் இந்த வெளிநாட்டுத் தொடர்புக்கும் பங்கு உண்டு.

தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்கு அப்பால் அவை எளிதில் வளைந்து போவதில்லை. அதனால் கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அந்த அளவுக்கே ஒளிபரப்பு எட்டும். சமவெளியில் நின்ற சென்னைக் கோபுரத்தின் படம் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் ஒழுங்காகத் தெரிந்தது. ஆலங்குடியோ சென்னையிலிருந்து நேர்கோட்டிலேயே 330 கிலோமீட்டருக்கு மேல். 1975இல் ஒருவர் சென்னையில் பெட்டி வாங்கி இங்கே கொண்டுவந்திருந்தாலும் திரையில் இரைச்சலும் புள்ளிகளுமே மிஞ்சியிருக்கும். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலம் 2,400 இந்தியக் கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலக் கிராமங்களே அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

ஆகவே 1970களில் இவ்வட்டாரத்தின் வாரத்தை வகுத்தது வானொலிதான். திருச்சி வானொலி 1939 மே 16இல் தொடங்கப்பட்டது. அதன் நடுத்தர அலைவரிசை நிலத்தை ஒட்டியே பரவக்கூடியது என்பதால் புதுக்கோட்டைச் சீமை முழுவதும் கணீரென்று கேட்டது. மாலையில் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கியில் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் வரும். அந்த விவசாய நிகழ்ச்சிக்கு இருந்த செல்வாக்கு சாதாரணமானது அல்ல. 1960களில் திருச்சி வானொலி ஓயாமல் எடுத்துச் சொல்லிப் பரப்பிய ஏடிடி-27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சை வட்டாரத்து விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். விதைக் கடையில் கேட்கும் பெயரையே ஒரு நிகழ்ச்சி மாற்றியிருக்கிறது என்றால், பிற்காலத்துத் தொலைக்காட்சி எதுவும் அந்த அளவுக்கு வயலுக்குள் இறங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பாட்டுக்கு இலங்கை வானொலி. அதன் தமிழ்ச் சேவை கடல் கடந்து தமிழ்நாடு முழுவதும் கேட்டது. கடலுக்கு அருகில் உள்ள மாவட்டங்களில் உள்ளூர் நிலையம் போலவே ஒலித்தது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களைச் சென்னை அறிவிப்பாளர்களின் குரலைவிட நன்றாக அடையாளம் கண்டுகொண்ட நேயர்கள் இங்கே இருந்தார்கள். எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு நிகழ்ச்சிக்காக வாரம் முழுதும் காத்திருக்கும் பழக்கம் தொலைக்காட்சிக்கு முன்பே இப்படி உருவாகிவிட்டது. ரேடியோ வைத்திருந்தவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி, சிறு புத்தகத்தில் அதற்கான வில்லையை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். தொலைக்காட்சிக்கும் இதே முறை வந்தது. 1980களின் நடுவில்தான் நீங்கியது.

இதே காலத்தில் சென்னையில் உருவான வாரம் எப்படி இருந்தது? அதன் அச்சு பெரும்பாலும் வானொலியிலிருந்து வந்தது. விவசாயிகளுக்கு ‘வயலும் வாழ்வும்’, பெண்களுக்கு ‘மனைமாட்சி’, குழந்தைகளுக்குக் ‘கண்மணிப் பூங்கா’ என்று கேட்போரைப் பிரித்துப் பிரித்து நிகழ்ச்சி செய்யும் முறை வானொலிக்காரர்களுடையது. கர்நாடக இசை, பரதநாட்டியம், பட்டிமன்றம், செய்தி என்று நாளுக்கொரு பங்கு. வாரத்தில் ஒரு நாள் நாடகம். செவ்வாய்க்கிழமை நாடகத்துக்கெனவே நேயர் கூட்டம் இருந்தது. சபா மேடைகளில் நடித்துப் பழகிய குழுக்கள் ஒரே அரங்குக்குள், இரண்டு மூன்று கேமராக்களுக்கு முன் நடித்தன. ஓவியத் திரையும் ஒரு சோபாவும் ஒரு கதவும் போதும். எஸ்.வி. சேகர், காத்தாடி ராமமூர்த்தி, ஒய்.ஜி. மகேந்திரன் போன்ற மேடைக் கலைஞர்களைச் சபாவுக்குப் போக வழியில்லாத ஊர்க்காரர்கள் அறிந்துகொள்ளவும் தொலைக்காட்சி உதவியது.

வாரத்தின் சிகரம் இரண்டு. ஒன்று வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’. தமிழ்த் திரைப்படப் பாடல் காட்சிகளை அடுத்தடுத்துக் காட்டும் அரை மணி நேர நிகழ்ச்சி. அதில் வரும் பாடல்கள் ஆறோ ஏழோதான். முதலில் பழைய பாடல்கள், பிறகு இடைக்காலப் பாடல்கள், கடைசியில் புதுப் படத்துப் பாடல் என்று வரிசை இருக்கும். அந்தக் கடைசிப் பாடலுக்காக முதல் பாடல்களைப் பொறுத்துக்கொண்ட இளைஞர்களும், முதல் பாடல்களுக்காகவே வந்து உட்கார்ந்த பெரியவர்களும் ஒரே தரையில் இருந்தார்கள். மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை மாலைத் தமிழ்ப்படம். சனிக்கிழமை இந்திப் படம். ஞாயிறு பிற்பகலில் விருது பெற்ற பிற மாநில மொழிப் படங்கள் பின்னாளில் சேர்ந்தன. வங்காளமும் மலையாளமும் அசாமியமும் எழுத்துவரியோடு வந்தன. சத்யஜித் ராயின் பெயரையும் அடூர் கோபாலகிருஷ்ணனின் பெயரையும் சிற்றூர் வாசகர்கள் பலர் முதலில் அறிந்தது இந்தப் பிற்பகல் நேரத்தில்தான்.

நேயர் கடிதங்களைப் படித்துப் பதில் சொல்லும் ‘எதிரொலி’யும், வரும் வாரத்தின் நிகழ்ச்சிகளை அறிவிக்கும் ‘முன்னோட்டம்’ நிகழ்ச்சியும் இந்த ஒழுங்கின் இரு தூண்கள். முன்னோட்டத்தில்தான் ஞாயிறு என்ன படம் என்பது தெரியவரும். எம்ஜிஆர் படமா சிவாஜி படமா என்று அறிய ஒரு தெருவே காத்திருந்தது. ஒளிபரப்பு அறுபட்டால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை திரையில் வந்து நிற்கும். அதைப் பார்த்தும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். மாற்றிப் பார்க்க வேறு ஒளிபரப்பு கிடையாது.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் நிலைமை வேறு. பிபிசி 1936இலேயே முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1970களில் அங்கே பிபிசி ஒன்று, பிபிசி இரண்டு, விளம்பர வருவாயில் இயங்கிய ஐடிவி என மூன்று ஒளிபரப்புகள் இருந்தன. 1967இலேயே வண்ணமும் வந்துவிட்டது. வார நிகழ்ச்சி நிரலை முழுதாக அச்சிடும் உரிமை ‘ரேடியோ டைம்ஸ்’, ‘டிவி டைம்ஸ்’ ஆகிய இரு இதழ்களுக்கே இருந்தது. 1991இல்தான் மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1973 டிசம்பரில் நிலக்கரி நெருக்கடியால் மின்சாரத்தைச் சேமிக்க இரவு பத்தரை மணிக்கு ஒளிபரப்பை நிறுத்தும்படி அந்நாட்டு அரசு உத்தரவிட்டபோது, அது பெரிய குறையாகப் பேசப்பட்டது. சென்னையிலோ இரவு பத்தரைவரை ஒளிபரப்பு நீண்டதே பின்னாளில்தான். ஆனாலும் இரு நாட்டு வாரங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து, மறுநாள் காலை அதைப் பற்றிப் பேசிய காலம் அது. இங்கிலாந்தில் அந்தப் பேச்சு அலுவலகங்களில் நடந்தது. ஆலங்குடிப் பக்கத்தில் டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் களத்துமேட்டிலும் நடந்தது.

ஆலங்குடி வட்டாரத்துக்கு முதல் படம் வந்தது சென்னையிலிருந்து அல்ல, இலங்கையிலிருந்து. இலங்கையில் ஐடிஎன் என்ற சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13இல் தொடங்கியது. அதன் எல்லை கொழும்புச் சுற்றுவட்டாரமே. ஜப்பான் அரசின் உதவியோடு அமைந்த ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மைக் கோபுரம் நின்ற இடம் பிதுருதலாகல மலை. 2,524 மீட்டர், அத்தீவின் மிக உயர்ந்த சிகரம். இலங்கை முழுதையும் எட்டுவதற்காக அங்கே வைத்த கோபுரத்தின் அலைகள், வடக்கே பாக் நீரிணையைத் தாண்டி இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் மேலும் விழுந்தன. இலங்கையும் இந்தியாவும் ஒரே 625 வரி முறையைப் பின்பற்றின; ஆகையால் இந்தியப் பெட்டியில் எதையும் மாற்றாமல் இலங்கைப் படமும் ஒலியும் வந்தன.

கணக்குப்படி பார்த்தால் இது ஆலங்குடிக்கு எட்டவே கூடாத ஒளிபரப்பு. பிதுருதலாகல மலை இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர், சென்னையைவிடத் தூரம். அந்த உயரத்திலிருந்து அலைக்குக் கிடைக்கும் தொடுவான எல்லை சுமார் 200 கிலோமீட்டரே. மீதித் தூரத்தைக் கடக்க வைத்தது கடல். வெயில் காலத்தில் கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்குமேல் சூடான வறண்ட காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி நெடுந்தூரம் ஓடும். அதனால்தான் பங்குனி, சித்திரை மாலைகளில் இலங்கைப் படம் பளிச்சென்று தெரிந்தது. ஐப்பசி மழையில் புள்ளி புள்ளியாகச் சிதறியது. கடற்கரை ஊர்களில் ஓரளவு நிலையாகக் கிடைத்த படம், உள்ளே தள்ளி இருந்த ஊர்களுக்கு வானிலை பார்த்தே வந்துபோனது.

அதைப் பிடிக்க நீளமான கம்பம் வேண்டும். மூன்று நான்கு இரும்புக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, மாடியிலோ தென்னையிலோ கட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்து நிறுத்துவார்கள். உச்சியில் அலுமினியக் குழாய்கள் ஏணிப்படி போல வரிசையாகப் பொருத்திய ஆண்டெனா. இந்த வடிவத்தை 1920களில் உருவாக்கியவர்கள் உடா, யாகி என்ற ஜப்பானியப் பொறியாளர்கள். ஊரார் அதை ஆண்டெனா என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதன் அடியில் அலையைப் பெருக்கும் பூஸ்டர். அங்கிருந்து தட்டையான இரட்டைக் கம்பி சுவரோரமாக இறங்கிப் பெட்டிக்குள் போகும். கம்பத்தைத் திருப்ப ஒருவர் மேலே, பெட்டிக்கு முன் ஒருவர், இருவரின் குரலையும் கடத்த வாசலில் ஒரு சிறுவன். “தெரியுதா?” “இன்னும் கொஞ்சம்!” “இப்போ?” “போச்சு, பழையபடி வை!” என்று நடக்கும் இந்த வேலை, காற்று பலமாக அடித்த ஒவ்வொரு முறையும் திரும்ப நடந்தது. கம்பம் தென்கிழக்கைப் பார்த்து நின்றால் அந்த வீட்டில் இலங்கை தெரிகிறது என்று தெருவில் போகிறவருக்கும் புரிந்துவிடும்.

ரூபவாஹினியில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தன. தமிழ்ச் செய்தியும் தமிழ்ப் படமும் வந்த நேரத்தில் பெட்டிக்கு முன் கூட்டம். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுத்து உருவாக்கிய ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ என்ற கேலிச்சித்திரத் தொடரை மொழி புரியாமலே பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். இலங்கை அணி தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை 1982 பிப்ரவரி 17இல், அதாவது ரூபவாஹினி தொடங்கி இரண்டு நாள் கழித்து, கொழும்பில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கிரிக்கெட் நேரலைக்காகவே கம்பம் நட்டவர்கள் உண்டு. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பின் அதே பெட்டியைப் பார்த்த பார்வை மாறியது. அங்கிருந்து வரும் தமிழ்ச் செய்தியைத் திருச்சி வானொலியும் பிபிசி தமிழோசையும் சொன்னதோடு ஒப்பிட்டுக் கேட்டார்கள். பின்னாளில் இம்மாவட்டத்தின் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் வந்து தங்கியபோது, எதிர்க்கரை இந்த ஊர்களுக்குப் படத்தில் மட்டும் கண்ட நாடாக இல்லை.

1982 இந்தியத் தொலைக்காட்சிக்கும் திருப்புமுனை. ஆகஸ்ட் 15இல் வண்ண ஒளிபரப்பும் தில்லியிலிருந்து நாடெங்கும் செல்லும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. நவம்பரில் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகள். 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி விண்ணில் ஏறியது. அதை நம்பி 1984 ஜூலை முதல் சில மாதங்களுக்கு, நாளுக்கொன்று என்ற வேகத்தில் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. இவற்றின் எல்லை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இதில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. சென்னைக்கு வெளியே இருந்த சிறு நிலையங்கள் செயற்கைக்கோள் வழியாக வந்த தில்லி நிகழ்ச்சிகளையே பெரும்பாலும் அஞ்சல் செய்தன. அரசு பெட்டியை மக்களிடம் கொண்டுபோயிற்று. மக்களின் மொழியை அதில் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே தமிழ் நிகழ்ச்சிக்கு இலங்கையை நாட வேண்டியிருந்தது என்பது அந்நாளைய ஒளிபரப்புக் கொள்கையின் கடுமையான தவறு.

இந்த இடைவெளியை நிரப்பியது வீடியோ. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த வண்ணப் பெட்டியும் ‘டெக்’ என்று சொல்லப்பட்ட கேசட் கருவியும் 1980களின் தொடக்கத்திலேயே இந்த ஊர்களில் இருந்தன. காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்றால் டெக் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் போடுவது வழக்கமானது. 1984 டிசம்பர் தேர்தலின்போது, அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த எம்ஜிஆரின் படக்காட்சி தமிழ்நாடு முழுவதும் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. தூர்தர்ஷன் எட்டாத கிராமங்களையும் அந்தப் படம் எட்டியதற்கு இந்தக் கருவிகளே காரணம்.

சென்னையின் வாரம் கடைசியில் மேற்கிலிருந்து வந்து சேர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானலில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் நின்ற அந்தக் கோபுரத்திலிருந்து ஆலங்குடி சுமார் 165 கிலோமீட்டர். தொடுவான எல்லைக்குள் வசதியாக அடங்கும் தூரம். கடல்காற்றையும் பருவத்தையும் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. தென்கிழக்கைப் பார்த்து நின்ற கம்பங்கள் மேற்கே திரும்பின. வசதி உள்ளவர்கள் ஒரே கம்பத்தில் இரண்டு ஆண்டெனா கட்டினார்கள். ஒன்று கொடைக்கானலுக்கு, ஒன்று இலங்கைக்கு.

ஒரு தெருவில் ஒன்றோ இரண்டோ வீட்டில்தான் பெட்டி. சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா, ஹைதராபாத்தின் ஈசி, கேரளத்தின் கெல்ட்ரான் ஆகியவை அன்று பலர் அறிந்த பெயர்கள். மரப்பெட்டி, முன்பக்கம் இழுத்து மூடும் கதவு, அதற்குப் பூட்டு. கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன் நீல நிறத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். மின்னழுத்தம் குறைந்தால் படம் இருபுறமும் சுருங்கி நடுவில் நிற்கும்; அதற்காக அருகில் ஒரு ஸ்டெபிலைசர். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய கையோடு பெண்கள் அந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கூடம் நிரம்பினால் வாசல், வாசல் நிரம்பினால் ஜன்னல். சில ஊர்களில் பெட்டிக்காரர் தலைக்கு நாலணா, எட்டணா வசூலித்ததும் உண்டு. கூடத்துக்குள் யார், திண்ணையோடு யார், ஜன்னலுக்கு வெளியே யார் என்பதைப் பல ஊர்களில் சாதி முடிவு செய்தது. ஊராட்சி மன்றங்கள் வைத்த பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி இந்த விதத்தில் முக்கியமானது. அதன் கதவைத் திறந்து மூட ஓர் ஆள், முன்னால் வெட்டவெளி. யாருடைய வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் படம் பார்க்கும் உரிமையை ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்ட தெருக்காரர்களுக்கும் தந்தது அந்த இரும்புக் கூண்டுப் பெட்டிதான்.

வாரத்தின் மற்ற நேரங்களும் மெல்ல நிரம்பின. 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடங்கியதிலிருந்து தில்லியில் தொடர்களின் காலம் பிறந்தது. 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலையில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் வரை பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’. இந்தியை எதிர்த்துப் போராடிய மாநிலத்தில், இந்தி தெரியாத ஊர்களில், இந்தத் தொடர்களை மக்கள் விடாமல் பார்த்தார்கள். தெருக்கூத்திலும் வள்ளித் திருமண நாடகத்திலும் பாரதப் படிப்பிலும் ஊறியவர்களுக்குக் கதையைச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. பாட்டி பேரனுக்குக் கதை சொல்ல, பேரன் பாட்டிக்குப் பெட்டியைத் திருகிக் காட்டினான். சென்னை நிலையமும் தன் தொடர்களைத் தொடங்கியது. பதின்மூன்று வாரம் ஒரு தொடர் என்ற கணக்கு அன்று நிலைத்தது. மேடை நாடகக்காரர்களும் கே. பாலசந்தர் போன்ற திரை இயக்குநர்களும் அதில் இறங்கினார்கள். ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு வாசித்த தமிழ்ச் செய்திகள் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட மாணவர்கள் மாவட்டம் எங்கும் இருந்தார்கள். லகர, ளகர, ழகர வேறுபாட்டை அவ்வளவு கவனத்தோடு ஒலித்த செய்தி வாசிப்பு அதற்குப்பின் எந்தத் தனியார் ஒளிபரப்பிலும் நிலைபெறவில்லை.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆலங்குடி வட்டாரத்திலும் கேபிள் இழுக்கப்பட்டது. பாட்டு நாள் முழுதும் வந்தது. படம் நாள்தோறும் வந்தது. வாரம் ஒரு முறை வந்த தொடர்கள் போய், திங்கள் முதல் வெள்ளிவரை அன்றாடம் வரும் தொடர்கள் நிலைத்தன. வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிறு மாலைக்கும் இருந்த தனி மதிப்பு இதோடு மறைந்தது. சென்னைத் தூர்தர்ஷனின் தமிழ் ஒளிபரப்பு 2000 ஜனவரியில் பொதிகை என்ற பெயரையும், 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்ற பெயரையும் பெற்றது. 2006இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பின், பெட்டி உள்ள வீடு, பெட்டி இல்லாத வீடு என்ற பிரிவினையும் ஏறக்குறைய நீங்கியது. பஞ்சாயத்துப் பெட்டி இருந்த அறைகள் பல ஊர்களில் பூட்டியே கிடந்தன, அல்லது வேறு பயன்பாட்டுக்குப் போயின. பிரசார் பாரதி தன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களைப் படிப்படியாக மூடி, ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை அனைத்தையும் 2022க்குள் நிறுத்தியது. மாடிகளில் துருப்பிடித்து நிற்கும் கம்பங்களுக்குப் பிடிப்பதற்கு இப்போது அலை இல்லை.

இந்த இருபதாண்டு வாரங்களின் பதிவு மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் ஒளிப்பதிவு நாடா விலை உயர்ந்த பொருள். ஒரு முறை பதிவு செய்ததை அழித்து அதன்மேலேயே மறுபடி பதிவு செய்தார்கள். பிபிசியும் 1970களில் இதைச் செய்தது. அதனால் ‘டாக்டர் ஹூ’ என்ற புகழ்பெற்ற தொடரின் பழைய பகுதிகள் பல தொலைந்தன. ஆனால் பிரிட்டனில் எந்த வாரம் என்ன ஒளிபரப்பானது என்பதை ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ்களைக் கொண்டு இன்றும் நாள்வாரியாகச் சொல்ல முடிகிறது. தமிழில் அந்த வேலைக்கு நாளிதழ்களின் ஒளிபரப்புப் பத்தியும், வார இதழ்களின் தொலைக்காட்சி விமர்சனமும், பார்த்தவர்களின் நினைவுமே உள்ளன. புதுக்கோட்டையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டிக் காத்துவரும் ஞானாலயா போன்ற நூலகமும், பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் ஊர்ப்புற வாசகசாலைகளும் இதற்கு உதவ முடியும். 1982இல் தென்கிழக்கே கம்பம் நட்டவர்கள் இன்று அறுபது எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைக்கும் வேலையை ஆலங்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் தாமதிக்காமல் கையில் எடுக்க வேண்டும்.